மணவிலக்குக்குப் பின் எந்தப் பெயர்?

திருமணமானதும் பெண் தன் பெயரையோ தலைப்பெழுத்தையோ மாற்றிக்கொண்டாக வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் சொல்லவில்லை, 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் சொல்லவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை விட்டுவிட்டுக் கணவர் பெயரின் முதலெழுத்தை ஏற்பது தமிழ்நாட்டில் வழக்கத்தால் நிலைத்ததேயன்றிச் சட்டத்தால் வந்ததன்று. ஆகவே மணவிலக்குப் பெற்றபின் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்புவதும், பட்டங்களிலும் பணியிடத்திலும் பதிந்துவிட்ட மணவாழ்க்கைப் பெயரையே தொடர்வதும் முழுக்க முழுக்க அந்தப் பெண்ணின் விருப்பம். பள்ளிச் சான்றிதழில் பெயர் மாற்றுவது தொடர்பான ஜிக்யா யாதவ் வழக்கில் 2021 ஜூனில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பெயர் என்பது ஒருவரின் அடையாளத்தோடு இரண்டறக் கலந்தது என்றும், அரசமைப்புச் சட்டம் தரும் கருத்துரிமைக்குள் அது அடங்கும் என்றும் கூறியிருக்கிறது.

பிற நாடுகள் இதை வெவ்வேறாகக் கையாளுகின்றன. பிரான்சில் மணவிலக்கோடு வாழ்க்கைத் துணையின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை முடிந்துவிடுகிறது. தொடர வேண்டுமானால் அவருடைய இசைவோ நீதிபதியின் அனுமதியோ தேவை. ஜெர்மனியில் மணப்பெயர் தானாகவே தொடரும். விரும்பாதவர் பதிவு அலுவலகத்தில் ஓர் அறிவிப்புக் கொடுத்துப் பழைய பெயரைப் பெறலாம். இந்தியாவில் அப்படி ஒரே இடத்தில் முடியும் வழி இல்லாததால், உரிமை தெளிவாக இருந்தும் அலைச்சல் மட்டும் பெண்ணின் தலையில் விழுகிறது.

இந்த அலைச்சலில் முதலில் கைக்கொள்ள வேண்டிய ஆவணம் தீர்ப்பாணை. வழக்கின் வரலாறு, இருதரப்பின் குற்றச்சாட்டுகள், சாட்சியங்கள், நீதிபதி முடிவுக்கு வந்த காரணங்கள் ஆகியவற்றைக் கொண்டது தீர்ப்பு. இன்ன நாளில் இன்னாருக்கு இடையிலான திருமணம் கலைக்கப்பட்டது என்னும் முடிவை மட்டும் முறைப்படி எழுதித் தருவது தீர்ப்பாணை. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியே வரையறுத்திருந்தாலும், இந்த வேறுபாட்டை எவரும் எடுத்துச் சொல்லாததால், கொடுமையும் நடத்தைப் பழியும் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட முழுத் தீர்ப்பையே வங்கி ஊழியர் முதல் அலுவலக எழுத்தர் வரை பலர் கையிலும் கொடுத்துவிட்டுக் கூனிக் குறுகும் நிலைக்குப் பெண்கள் ஆளாகிறார்கள். மணவிலக்கு நடந்ததை மெய்ப்பிக்கத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல், அதாவது நீதிமன்றமே முத்திரையிட்டு வழங்கும் நகல், போதும். அதில் இரண்டு மூன்று படிகளாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இருவரும் மனமொத்துப் பிரியும், இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு மனுவாக இருந்தால், மனைவி இனி இன்ன பெயரால் அறியப்படுவார் என்ற ஒரு வரியை உடன்பாட்டிலேயே சேர்த்துவிடும்படி வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

அடுத்தது அரசிதழ். பேச்சுவழக்கில் கெசட் என்று சொல்லப்படும் தமிழ்நாடு அரசிதழை எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வெளியிடுகிறது. அதன் 6-ஆம் பகுதி 4-ஆம் பிரிவில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வாரந்தோறும் அச்சாகின்றன. இன்ன தேதியில் பிறந்த, இன்ன மாவட்டத்தைச் சேர்ந்த, இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார் இனி இன்ன பெயரால் அறியப்படுவார் என்னும் ஒற்றை வாக்கியமே அந்த அறிவிப்பு. அரசு இதில் யாருக்கும் பெயர் சூட்டுவதில்லை. இத்தகைய விளம்பரங்களுக்கு அரசு சட்டப் பொறுப்பு ஏற்காது, விளைவுகளுக்கு அறிவிப்பவரே பொறுப்பு என்ற குறிப்பு அந்தப் பிரிவின் தலைப்பிலேயே இருக்கிறது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு எல்லா அலுவலகங்களும் ஏற்கும் சான்று என்பதுதான் அதன் பயன். ஆனால் அச்சாகும் அந்த வாக்கியத்தில் முகவரியும் இடம்பெறுவதால், முன்னாள் கணவரின் தொல்லைக்கு அஞ்சி வாழும் பெண்ணுக்கு அதுவே ஆபத்தாகக்கூடும் என்பதை இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. முகவரியை அச்சில் விட்டுவிட்டு அலுவலகக் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்ளத் தடை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

எல்லாருக்கும் அரசிதழ் தேவைப்படுவதில்லை. பிறப்புச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் தந்தை பெயரின் தலைப்பெழுத்தோடு மாறாமல் இருக்க, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் மட்டும் கணவர் பெயரைச் சேர்த்திருந்தவர், அந்தப் பழைய சான்றுகளோடு தீர்ப்பாணையையும் காட்டினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆதாரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அதில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே வழக்கமான வாய்ப்பு உண்டு என்பதால், திருமணத்தின்போது ஒன்றைப் பயன்படுத்தியவருக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான், அதில் எழுத்துப்பிழை நேர்ந்தால் தனி அனுமதி கேட்டு அலைய வேண்டிவரும். நிரந்தரக் கணக்கு எண் அட்டையில், அதாவது பான் அட்டையில், மணமான பெண்ணுக்கும் தந்தை பெயரே இடம்பெறுவதால் அங்கே சிக்கல் குறைவு. கடவுச்சீட்டைப் பொறுத்தவரை, மணவிலக்குப் பெற்றவரோ பிரிந்து வாழ்பவரோ விண்ணப்பத்தில் துணைவரின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரில் அறிவித்தது. ஆயினும் அதில் அச்சான பெயரையே மாற்ற விரும்புபவர் உரிய சான்றோடு மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வைப்புநிதியிலும் காப்பீட்டிலும் நாமினியாக எழுதிவைத்த முன்னாள் கணவரின் பெயர் மணவிலக்கால் தானாக நீங்கிவிடுவதில்லை என்பதால், பெயர் மாற்றும் அதே வேளையில் அதையும் மாற்றிவிடுவது அறிவுடைமை.

குழந்தைகளின் பெயர் வேறு கணக்கு. தந்தை இறந்தபின் தாய் மறுமணம் செய்துகொண்ட ஒரு வழக்கில், குழந்தையின் குடும்பப் பெயரைத் தாயே முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. மணவிலக்கில் தந்தை உயிரோடும் காப்பாளர் என்ற தகுதியோடும் இருப்பதால் அத்தீர்ப்பு அப்படியே பொருந்திவிடாது.

கணவரின் தடையில்லாச் சான்றைக் கேட்கும் வழக்கமே இவை எல்லாவற்றிலும் பொறுக்க முடியாதது. பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண் மணவிலக்குத் தீர்ப்பாணையையோ கணவரின் தடையில்லாச் சான்றையோ தர வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிக்கை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, 2024-இல் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. வழக்கு முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணுக்கு இந்த நிபந்தனை, எவரை விட்டுப் பிரிய நீதிமன்றம் ஏறினாரோ அவரிடமே கையொப்பம் கேட்டு நிற்கச் சொல்வதாகும். மணமாகும்போது கணவர் பெயரைச் சேர்க்கத் தந்தையின் அனுமதிக் கடிதத்தை எந்த அலுவலகமும் கேட்டதில்லை. அந்தப் பெயரை நீக்குவதற்கு மட்டும் கணவரின் கடிதத்தைக் கேட்பதை அரசு அலுவலகங்கள் உடனே நிறுத்த வேண்டும்.