சூதின் வரியும் தறியின் கூலியும்



சூதாட்டத்தில் பயனே இல்லை என்று திருமறை கூறவில்லை. மதுவிலும் சூதிலும் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டென்றும், ஆயினும் அவற்றின் கேடே பெரிதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் உணர்த்துகின்றது. பயனையும் கேட்டையும் நிறுத்துப் பார்க்கும் இந்தத் தராசில் இன்றைய அரசுகளின் வரிக் கணக்கையும் சற்றே வைத்துப் பாருங்கள்.

தமிழக அரசு 1968இல் பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு நன்மை, விழாவிட்டால் நாட்டுக்கு நன்மை என்பது அன்றைய பேச்சு. எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், நாட்டுக்குச் சேர்ந்த ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு வீடு இழந்த ரூபாயன்றோ? பல குடும்பங்கள் சீரழிந்த பின்னர், 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிகளின் விற்பனையையும் அரசே தடை செய்தது.

தடை வந்ததும் நோய் தீர்ந்ததா? இல்லை. அண்டைக் கேரளத்தில் 1967இல் தொடங்கிய அரசு லாட்டரி இன்றும் நடைபெறுகின்றது. அதன் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து, வெள்ளைத் துண்டுச்சீட்டில் இங்கே களவாகச் சூது நடக்கின்றது. மூன்று இலக்கங்களில் 1,000 எண்கள் உள்ளன. ஓர் எண்ணை வாங்குபவருக்கு எதிராக 999 எண்கள் நிற்கின்றன! 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த மூன்று எண் லாட்டரியால் கடனில் மூழ்கிய நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே மாண்டுபோனதை எளிதில் மறக்க இயலுமா?

நம் பள்ளிபாளையத்தை எண்ணிப் பாருங்கள். காவிரிக் கரையிலுள்ள இவ்வூரில் விசைத்தறித் தொழிலாளர் பலர் உரிமையாளரிடம் முன்பணம் பெற்றே வேலைக்குச் சேர்கின்றனர். அது தீரும்வரை அந்தத் தறியை விட்டு எளிதில் அகல முடியாது. வாரக் கூலியைச் சூதில் தோற்றவர் வீட்டுச் செலவுக்கு மீண்டும் முன்பணம் கேட்கின்றார். தோற்றது ஒரு வாரக் கூலிதான். அடகு போனதோ வரப்போகும் பல மாத உழைப்பு.

இன்று சூது கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகம் இயற்றிய சட்டத்தை 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2023இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும், திறமைக்குரிய ஆட்டங்கள் எனக் கருதப்பட்ட ரம்மி, போக்கர் மீதான தடை அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. இதற்கிடையே 2023 அக்டோபரில் ஆடுவோர் செலுத்தும் முழுத் தொகை மீதும் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. இறுதியில், 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. லாட்டரி மீதான வரியோ அடுத்த மாதம் 40 விழுக்காடாக உயர்ந்தது.

வரியை உயர்த்தினால் சூது அடங்கிவிடும் என்பாரும் உளர். ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டைப் பாருங்கள். பந்தய நிறுவனங்களின் வருவாய் மீது 2018 தொடக்கத்தில் 35 விழுக்காடு வரி விதித்த அந்நாடு, அவ்வாண்டிலேயே அதனை 15 விழுக்காடாகக் குறைத்தது. மீண்டும் எழுந்த வரித் தகராற்றில் 2019இல் பெரிய நிறுவனமொன்று அங்குத் தன் தொழிலை நிறுத்தியது. அதன் பணத்தை நம்பியிருந்த கால்பந்துக் கழகங்கள் தவித்தன. சூதின் பணத்தில் வாழப் பழகியவர்க்கு அதனை விடுவது எளிதன்று. அரசும் இதற்கு விலக்கன்று.

ஆகவே, தடையே நேரிய வழி. ஆயினும் துண்டுச்சீட்டு விற்கும் தெருமுனைவரை சட்டம் மட்டும் எட்டாது. அங்கே நிற்க வேண்டியவர்கள் நாம்தாம். ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் கடன்பட்டோரும் உளர். சூதைக் கைவிட்டுத் திருந்த விரும்பும் தொழிலாளியின் முன்பணத்தைத் தீர்க்க நம் ஜமாஅத்துகள் முன்வரலாகாதா? கூலி நாளன்று பணத்தை இல்லத்தரசியின் கையில் சேர்க்கும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் ஏற்படுத்தலாகாதா?

உழைத்துப் பெற்ற கூலி பிள்ளைகளின் உணவாகட்டும். யாருடைய இலாபமாகவும், எந்தக் கருவூலத்தின் வரியாகவும் ஆகவேண்டாம். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக!