சும்மா கிடக்கிறது என்று நினைத்த செல்லுக்குள் இவ்வளவு கணக்கா!

நம் மூளையில் நியூரான்கள் எத்தனை தெரியுமா? சுமார் 8,600 கோடி! கிளியா முதலான மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவு. நியூரானுக்கு முட்டுக்கொடுக்கவும் சத்து ஊட்டவும் மட்டுமே கிளியா இருக்கிறது என்று நூறு வருஷத்துக்கு மேல் நம்பிவந்தார்கள். பாவம், அதன் அருமை தெரியவில்லை!

1990-இல் நட்சத்திர வடிவக் கிளியாவான ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தட்டில் வளர்த்து, நியூரான்கள் சேதி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட்டைச் சேர்த்தார்கள். உடனே செல்லுக்குச் செல் கால்சியம் அலை பரவியது! ஆக, நியூரான் பேசுவது இதற்கும் கேட்கிறது.

அலை எப்படிப் பிறக்கிறது? செல்லுக்குள் ஒரு கால்சியக் கிடங்கு. ஐபி3 என்ற மூலக்கூறு அதன் கதவைத் திறக்கிறது. வெளியே வரும் கால்சியம் கதவை இன்னும் அகலத் திறக்கும். அளவு மிஞ்சினால் அதே கால்சியம் மெல்லச் சாத்தியும் விடும்! 9 மாறிகளில் எழுதப்பட்டிருந்த இந்தத் திறப்பு-சாத்தல் கணக்கை லீயும் ரின்ஸெலும் 1994-இல் வெறும் 2 மாறிகளில் அடக்கினார்கள். என்ன அழகான வேலை! நியூரான் துடிப்பது மில்லிவினாடியில், இந்த அலை ஏறி இறங்குவது வினாடிகளில்.

அந்தக் கணக்கை நியூரானின் சமன்பாட்டோடு கோத்தால்? சுஹிதா நாட்கர்ணியும் பீட்டர் யுங்கும் 2003-இல் கோத்துப் பார்த்தார்கள். ஆஸ்ட்ரோசைட்டின் பதில் பலமானபோது, யாரும் தூண்டாமலே நியூரான் தானாகத் துடித்தது! வலிப்புக்கு இதுவும் ஒரு காரணமோ என்று அப்போதே கேட்டார்கள். நாட்கர்ணி இப்போது புணே ஐஐஎஸ்இஆரில் ஆய்வு செய்கிறார்.

இனி நினைவாற்றல் பக்கம் வருவோம். மனித ஆஸ்ட்ரோசைட் ஒன்று நியூரான்களை இணைக்கும் சினாப்ஸ்களில் 20 லட்சம் வரை தொடக்கூடும். ஒன்றே ஒன்று! ஹாப்ஃபீல்டு 1982-இல் தந்த புகழ்பெற்ற நினைவு மாதிரியில் நியூரான்கள் இரண்டிரண்டாகத்தான் இணையும். 100 நியூரானுக்குச் சுமார் 14 நினைவுகள்தான் தேறும். 2025-இல் கோசச்கோவ், ஸ்லோட்டீன், குரோட்டோவ் மூவரும் நடுவே ஆஸ்ட்ரோசைட்டை வைத்தார்கள். அதன் கிளைகளுக்கிடையே கால்சியம் ஓடுவதால் நியூரான்கள் நான்கு நான்காக இணைய முடிகிறது. கொள்ளளவு கிடுகிடுவென ஏறுகிறது! நினைவின் ஒரு பங்கு ஆஸ்ட்ரோசைட்டுக்குள்ளேயே பதிந்திருக்கலாம் என்கிறது இந்த மாதிரி.

வெறும் காகிதக் கணக்கா? 2024-இலேயே ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரியில், சுண்டெலிகள் ஓர் இடத்தில் பயப்படக் கற்றபோது விழித்த ஆஸ்ட்ரோசைட்டுகளை அடையாளம் வைத்து, சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் அவற்றை மட்டும் தூண்டினார்கள். அங்கேயும் எலிகள் பயந்து உறைந்து நின்றன!