விளையாட்டுக் கணிப்பொறியும் மின்வழங்கும் பெட்டியும்

மும்பையில் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தை அடுத்த லாமிங்டன் சாலை, மின்னணுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற கடைத்தெருவாகும். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் மாணவர், சேமித்த பணத்தில் விளையாட்டுக் கணிப்பொறியைத் தாமே அமைக்க விரும்பின், இங்கு உறுப்புகளைத் தனித்தனியே வாங்கலாம்.

பணத்தின் பெரும்பகுதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவது முறையே; திரையில் தோன்றும் காட்சிகளைக் கணித்துத் தீட்டுவது அதுதான். ஆயின் அச்செலவை ஈடுகட்ட, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மலிவாக வாங்குவது பெரும் பிழையாகும். பிராசஸரும் கார்டும் பெரிதும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கலாம்; பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்றிருப்பின், இவ்விரு உறுப்புகளுக்கும் கிட்டக்கூடியது 12 × 18 = 216 வாட் மட்டுமே. (பள்ளிப் பாடத்தின் பெருக்கல் கடைத்தெருவில் பயன்படும் இடம் இது.) 2004-இல் தோன்றிய ‘80 பிளஸ்’ முத்திரையும் மின்சாரம் வீணாகாத அளவையே குறிக்கும், பாதுகாப்புக்கு அது சான்றாகாது. தரமற்ற பெட்டி பழுதுறுங்கால் மதர்போர்டையும், அரும்பாடுபட்டு வாங்கிய கார்டையும் உடன் கெடுத்துவிடக்கூடும்.

பணம் போதாதெனின், கார்டைப் பின்னர் வாங்கலாம். கிராபிக்ஸ் திறன் உள்ளடங்கிய பிராசஸரும், ஒரே 16 ஜி.பி. ரேமுக்குப் பதிலாக இரண்டு 8 ஜி.பி. ரேம்களும் அதுவரை எளிய விளையாட்டுகளுக்குப் போதும்.