தொண்டையில் கிருமி, இதயத்தில் சேதம்

தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவை உண்டாக்கும் பாக்டீரியா பெரும்பாலும் தொண்டையைத் தாண்டிப் போவதில்லை. டான்சிலின் மேல் சாம்பல் நிறப் படலம் படர, அங்கேயே பெருகுகிறது. ஆனால் மூச்சடைப்புக்குத் தப்பிய நோயாளியும் இதயம் பழுதாகி இறந்துவிடக்கூடும். 1884இல் இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்த ஜெர்மானியர் ஃபிரெட்ரிக் லோஃப்லரையும் இந்தப் புதிர்தான் மடக்கியது. சோதனை விலங்குகளின் உள்ளுறுப்புகள் கெட்டிருந்தன. அங்கே கிருமியைக் காணோம். நஞ்சு ஏதோ சுரக்கிறது என்று ஊகித்தார். 1888இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் கிருமி வளர்ந்த திரவத்தை நுண்வடிகட்டியில் வடித்து, கிருமியே இல்லாத அந்தத் தெளிவை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். அவை அதே நோய்க்குறிகளோடு இறந்தன.

அந்த நஞ்சு ஒரு புரதம். அதன் ஒரு பகுதி செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைப் பற்றிக்கொள்ளும். செல்லோ, தனக்கு வேண்டிய பொருள் வந்ததுபோல, அதைச் சிறு பையில் பொதிந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பைக்குள் அமிலம் ஏறியதும் நஞ்சின் வடிவம் மாறுகிறது; மறு பகுதி பையின் சுவரைக் கடந்து செல்லுக்குள் இறங்குகிறது. அது ஒரு நொதி. புரதத் தயாரிப்புக்கு இன்றியமையாத ‘இஎஃப்-2’ என்ற மூலக்கூற்றில் ஒரு வேதித் துணுக்கை ஒட்டி முடக்கிவிடும். நொதி என்பதால் தீர்ந்துபோகாது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரு செல்லைக் கொல்ல ஒரே ஒரு நஞ்சு மூலக்கூறு போதும்.

இத்தனைக்கும் அந்த நஞ்சின் மரபணு பாக்டீரியாவின் சொந்தச் சொத்தும் அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது.

இரத்தத்தில் கலந்த நஞ்சு இதயத் தசையையும் நரம்புகளையும்தான் அதிகம் தாக்குகிறது; சிறுநீரகமும் தப்புவதில்லை. தசைச் செல்கள் மடிய, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. தொண்டை தேறிவரும் நாட்களிலேயே இது நேரலாம் என்பதுதான் கொடுமை. நரம்புகளின் மேலுறை சிதைந்தால் முதலில் அண்ணம் செயலிழக்கும். குடித்த தண்ணீர் மூக்கு வழியே வரும், குரல் மூக்கொலியாகும். சில வாரங்கள் கழித்துக் கைகால் தளரலாம். பிழைத்தவருக்கு நரம்புகள் மெல்லச் சீராகிவிடும். இதயத்திலோ தழும்பு நின்றுவிடலாம்.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே சுரந்த நஞ்சை ஒன்றும் செய்யாது. அதற்குக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் நஞ்சுமுறி வேண்டும். இதற்கு வழி கண்ட எமில் ஃபான் பேரிங்குக்குத்தான் 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இரத்தத்தில் உலவும் நஞ்சை மட்டுமே அது பிடிக்கும். செல்லுக்குள் நுழைந்ததை எட்டாது. அதனால்தான் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் எழுந்தவுடனே மருத்துவர்கள் அதைச் செலுத்துகிறார்கள்.

தடுப்பூசியில் இருப்பதும் இதே நஞ்சுதான், ஃபார்மலினால் வீரியம் போக்கப்பட்டது. அது தரும் எதிர்ப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையும். குழந்தைப் பருவத் தவணைகளோடு நின்றுவிடாமல், 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி (டெட்டனஸ்-டிப்தீரியா) ஊசியையும் பெற்றோர் தவறவிடக் கூடாது.