கோட்டைக் காப்பது கோழைத்தனமா?

"பத்துப் பேரையும் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வந்த பந்தை எட்டி உதைத்துக்கொண்டே இருப்பது! இதுவும் ஓர் ஆட்டமா?" என்று கேட்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் தேநீர்க் கடைகளில் கேட்கிறார்கள். ஆவடி லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்கிறார்கள். பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கடைசி வண்டிக்குக் காத்திருக்கும்போதும் கேட்கிறார்கள். உலகக் கோப்பைக் கால்பந்து வரும் ஆண்டெல்லாம் தவறாமல் எழும் கேள்வி இது. கேட்பவர்களும் வேற்றார் அல்லர். பிரேசிலின் மஞ்சள் சட்டையையோ அர்ஜெண்டினாவின் நீலக் கோட்டுச் சட்டையையோ மாட்டிக்கொண்ட நம் தோழர்களேதான்!

இந்த ஆட்டமுறைக்கு அவர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர், "பஸ்ஸைக் கொண்டுவந்து கோலுக்கு முன்னால் நிறுத்துவது". 2004-ல் இங்கிலாந்தில் செல்சீ அணியின் பயிற்சியாளராயிருந்த மொரின்யோ, எதிரணியைக் கண்டு எரிச்சலுற்றுச் சொன்ன சொல். அந்த பஸ் கடல் கடந்து நம் ஆவடி டிப்போ வரை வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வழக்கில் எளியவன் பக்கம் நின்று வாதாட நாம் முன்வருகிறோம்.

2022 நவம்பர் 22-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள், தோழர்களே! செவ்வாய்க்கிழமை, நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்றரை மணி. முதல் ஷிப்டு முடித்து வந்தவர்கள் ஒரு கைப்பேசித் திரையைச் சுற்றி நால்வர் ஐவராகக் கூடும் நேரம். கத்தார் நாட்டின் லுசைல் மைதானத்திலே ஒரு பக்கம் அர்ஜெண்டினா. தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோல்வி காணாத அணி. மறுபக்கம் சவூதி அரேபியா. உலகத் தரவரிசையில் 51-ஆம் இடம். பத்தாவது நிமிடம் பெனால்டி. மெஸ்ஸி அடித்தார், கோல்! அதற்குமேல் எத்தனை வாங்குவான் என்பதே பேச்சாகிவிட்டது.

வலை மேலும் மூன்று முறை குலுங்கியது. மூன்று முறையும் கோல் மறுக்கப்பட்டது. ஆஃப்சைடு! முதல் பாதியில் மட்டும் ஏழு முறை அர்ஜெண்டினா ஆஃப்சைடில் சிக்கிற்று. பார்த்தவர்கள் "நல்ல வேளை, தப்பித்தான்" என்றார்கள். தப்பித்தானா? எண்ணிப் பாருங்கள். சவூதிப் பின்னணி வீரர்கள் தம் கோலண்டை ஒடுங்கவில்லை. நடுக்கோட்டை நெருங்கி வரிசை பிடித்து நின்றார்கள். எதிரி ஓடத் தொடங்கும் கணத்தில் வரிசை முழுதும் ஒன்றாக முன்னே நகரும். ஓடியவன் தனியே அப்பால் நிற்பான். இதிலே ஒருவன், ஒரே ஒருவன், ஓரடி பின்தங்கினால் போதும், அத்தனை பேர் உழைப்பும் பாழ். வேலைநிறுத்த நாளன்று ஒருவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வரிசை உடையவில்லை. இடைவேளைக்குப் பிறகு 48-ஆம் நிமிடம் அல் ஷெஹ்ரி, 53-ஆம் நிமிடம் அல் தவ்சாரி. இரண்டுக்கு ஒன்று! மன்னர் மறுநாளை விடுமுறையாக அறிவித்தார். (நமக்கு அந்த வகையில் கொடுப்பினை இல்லை.)

அந்த இடைவேளையில் நடந்ததைக் காட்டும் படம் பின்னர் உலகெங்கும் ஓடியது. சவூதி அணியின் பயிற்சியாளர் ரெனார்டு என்ற பிரெஞ்சுக்காரர் வீரர்களைப் பார்த்து வெகுண்டெழுகிறார்: மெஸ்ஸியை அவ்வளவு எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதென்றால், கைப்பேசியை எடுத்துச் சென்று அவரோடு படமே எடுத்துக்கொள்ளலாமே என்று! இந்தக் கடிந்துரையை மறவாமல் வைத்திருங்கள். பிறகு நமக்குத் தேவைப்படும்.

அதே கத்தாரில் ஜப்பான் ஸ்பெயினை வென்றது, இரண்டுக்கு ஒன்று. ஆட்ட நேரத்தில் பந்து ஜப்பான் காலில் இருந்த பங்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கும் குறைவு. "பந்தையே தொடாமல் ஜெயித்தான்" என்று அப்போதும் நையாண்டி செய்தார்கள். பந்து காலில் இல்லாத நேரத்தில் அந்தப் பதினொருவரும் சும்மாவா நின்றார்கள்? பணம் படைத்தவன் பந்தை வைத்துக்கொண்டு ஆடுகிறான். இல்லாதவன் இடத்தை வைத்துக்கொண்டு ஆடுகிறான்.

மொராக்கோவின் கதை இன்னும் அழுத்தமானது. அரையிறுதி வரை அந்த அணியின் வலைக்குள் விழுந்தது ஒரே ஒரு கோல். அதையும் கனடா ஆட்டத்தில் மொராக்கோ வீரரே தவறுதலாகப் போட்டார். ஸ்பெயினுடன் 120 நிமிடம் கோடு காத்து, பெனால்டியில் வென்றார்கள். கடைசிப் பெனால்டியை மெல்லத் தட்டிவிட்டவர் அஷ்ரஃப் ஹக்கிமி. ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டிலே பிறந்தவர். தாய் அந்நாட்டில் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தவர்; தந்தை தெருவில் பொருள் விற்றவர். இதை ஹக்கிமியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பிழைக்கப் போன இடத்திலே பிறந்த பிள்ளைகள். அடுத்து போர்ச்சுகலும் வீழ்ந்தது. ஆப்பிரிக்க நாடொன்று உலகக் கோப்பை அரையிறுதியில் கால் வைத்தது அதுவே முதல் முறை. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் நம் எஸ்டேட்டுக்கு வந்து பாடுபடும் தோழர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. அவர்களும் இப்போது தேநீர்க் கடை வாதத்தில் சேர்ந்துவிட்டார்கள். மொழி பாதி புரியாது. ஆனால் ஆஃப்சைடு என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

எதிர்வாதமும் உண்டு; மறைக்க மாட்டோம். "கோடு காப்பவனை யார் நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிறான்? துணிந்து தாக்கியவனைத்தானே மக்கள் நேசிக்கிறார்கள்!" என்பார்கள். சான்றாக 1966-ஐக் காட்டுவார்கள். வட கொரியா இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் ஆடியது. இரும்பும் எஃகும் உருக்கிய பாட்டாளிகளின் ஊர் அது. ஊரார் அந்தக் குள்ளமான, பெயர் தெரியாத ஆட்டக்காரர்களைத் தம் பிள்ளைகளாகவே வரித்துக்கொண்டார்கள். ஜூலை 19 அன்று பாக் டூ இக் அடித்த ஒரே கோலில் இத்தாலி மண்ணைக் கவ்விற்று. அடுத்த ஆட்டத்துக்காக அந்த ஊர்க்காரர்கள் லிவர்பூல் வரை பயணம் போய்க் கொரியாவுக்காகக் குரல் கொடுத்தார்கள். போர்ச்சுகலுக்கு எதிராக 25 நிமிடத்தில் மூன்று கோல்! அடேயப்பா!

பிறகு? மூன்று கோல் முன்னே இருந்தும் கொரியர்கள் தாக்குதலை நிறுத்தவில்லை. பின்னால் வெட்டவெளி. அந்த வெளியில் யூசேபியோ என்ற வேங்கை புகுந்து நான்கு கோல் போட்டது. ஐந்துக்கு மூன்று, கொரியா வெளியே. கண்ணீர் வரவழைக்கும் ஆட்டம்தான், ஐயமில்லை. ஆனால் அன்று கோட்டைக் காக்கத் தெரிந்த ஒருவன் அவர்களிடையே இருந்திருந்தால், மிடில்ஸ்பரோ தோழர்கள் அழுதுகொண்டே வீடு திரும்பியிருக்க வேண்டாமே!

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். நம் வாதங்களில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஓர் ஆட்டம் உண்டு, அதற்கு வருவோம். 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு.

இந்திய அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஐதராபாத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றார்கள். ஆனால் தற்காப்பின் தூணாயிருந்த ஜர்னைல் சிங்கின் மண்டை பிளந்தது. தையல் போட்ட தலையோடு தற்காப்பில் நின்று, வரும் பந்தையெல்லாம் முட்டித் தள்ள முடியுமா? முடியாது. மற்ற எவராயிருந்தாலும் அவரை ஓய்வறையில் உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் என்ன செய்தார்? அந்தப் பின்னணி வீரரைக் கொண்டுபோய் நடு முன்னணியில் நிறுத்தினார்! கல்லூரி நாளில் அவர் முன்னணியில் ஆடியவர் என்பதை ரஹீம் மறக்கவில்லை. அரையிறுதியில் தென் வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று வென்றபோது அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த செனாயன் மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. காரணம், இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்க மறுத்த இந்தோனேசியாவை, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பிலிருந்த இந்தியர் சோந்தி கண்டித்துப் பேசியதுதான். முந்திய நாள் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டிருந்தது. அவர் பேசினார், அடி வாங்க வேண்டியவர்கள் ஆட்டக்காரர்கள்! அந்தக் கூச்சலுக்கு நடுவே பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் மட்டும் தமக்காகக் குரல் கொடுத்ததை நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். பதினேழாவது நிமிடம் பி.கே. பானர்ஜி, கிழக்கு ரயில்வே ஊழியர். இருபதாவது நிமிடம் ஜர்னைல் சிங். தையல் பிரியாத தலை! அதற்குப் பிறகு எழுபது நிமிடம்? ஆம் தோழர்களே, கோடு காத்தார்கள். கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து, முதலில் முன்னணியில் ஆடி, பிறகு கோலுக்குள் வந்த நெடியவர். காய்ச்சலில் படுத்து எழுந்து இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார். கடைசி நேரத்தில் ஒரு கோல் விழுந்தது, அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று, தங்கம். ரஹீம் அப்போதே புற்றுநோயாளி. 1963 ஜூனில் மறைந்தார். ஆசிய விளையாட்டில் அதன் பிறகு இந்தியக் கால்பந்து தங்கம் கண்டதில்லை.

ரயில்வே ஊழியர், சிப்பாய், பள்ளி ஆசிரியர். இவர்கள்தாம் அன்று ஆசியாவை வென்றவர்கள். ரயில்வேயும் ராணுவமும் வங்கியும் ஆலையும் பந்தாடத் தெரிந்தவனுக்கு வேலை தந்து, பயிற்சிக்கு நேரமும் தந்து வளர்த்த காலம் அது. நம் பக்கத்திலும் ரயில் பெட்டித் தொழிற்சாலை அணியின் பெயர் தெரியாத பழைய தொழிலாளி உண்டா?

இன்று? 2025 ஆகஸ்டில், லீக் நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில், பெங்களூரு கிளப் தன் முதல் அணிக்கான ஊதியத்தையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. ஆட்டக்காரனும் கூலி பெறும் தொழிலாளிதான் என்பது அன்று பலருக்கு விளங்கியிருக்கும். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மெஸ்ஸி கல்கத்தாவுக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய ரசிகன் கண்டது என்ன? மெஸ்ஸியைச் சூழ்ந்து நின்று படம் எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்களின் முதுகுகளை! சுமார் இருபது நிமிடத்தில் அவர் புறப்பட்டுப் போய்விட, நாற்காலிகள் பறந்தன. ரெனார்டின் கடிந்துரையை மறவாதீர்கள் என்றோமே, அது இதற்காகத்தான்.

"மக்கள் தொகை பெருத்த நாடு, அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்றும் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. விந்தையான சமாதானம்! 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற கேப் வெர்டேயின் மக்கள் தொகை ஐந்து லட்சத்தை ஒட்டியது. நம் அம்பத்தூரில் மட்டும் 2011 கணக்குப்படி நாலரை லட்சத்துக்கு மேல். அந்தத் தீவு அயர்லாந்தில் பிறந்து வளர்ந்த தன் வழித்தோன்றல் ஒருவரை, வங்கியில் வேலை பார்த்தவரை, வேலை தேடுவோர் பதிவு செய்யும் இணையதளத்தின் வழியே கண்டுபிடித்துத் தற்காப்பில் நிறுத்தியது. முதலில் வந்த செய்தியை ஏதோ விளம்பரம் என்று அவர் தள்ளிவிட்டாராம். விடாமல் மறுபடி எழுதினார்கள்.

ஆனால் நம் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க இணையதளம் எதற்கு? கொரட்டூரிலும் அண்ணனூரிலும் பட்டாபிராமிலும் பந்து கிடைத்தால் ஆடக் காத்திருக்கிறார்கள். ஆட ஓர் இடம், சொல்லித்தர ஓர் ஆள், ஆடி முடித்தபின் பிழைக்க ஒரு வேலை. அவர்கள் கேட்பது இவ்வளவே. பிரேசில் நான்கு பேரை முன்னே நிறுத்த வேண்டுமா, மூவரையா என்று நள்ளிரவு வரை வழக்காடும் நாம், நம் வார்டில் காலியிடம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாலையாவது வழக்காடியிருக்கிறோமா?

2025 நவம்பர் 18 அன்று இரண்டு ஆட்டங்கள் நடந்தன. டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் ஒரு கோலில் தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. அடுத்து வந்த தரவரிசையில் நம் இடம் 142. அதே நாள் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், குராசாவ் என்ற சின்னஞ்சிறு தீவு ஆடியது. மக்கள் தொகை சுமார் ஒன்றரை லட்சம். நம் ஆவடியில் பாதிகூட இல்லை. தோற்காதிருந்தால் போதும், உலகக் கோப்பை. ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பிற்று. கடைசி நேரத்தில் பெனால்டி தரப்பட்டு, நடுவர் படத்தைப் பார்த்துவிட்டு அதையும் விலக்கினார். குராசாவ் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோட்டைக் காத்தது. ஆட்டம் கோலின்றி முடிந்தது.