கிளையண்ட் மெயில்கள்: ஃபோல்டருக்கு அடியில் இருக்கும் கோப்பு

சொந்தமாகத் தொழில் செய்யும் யாரிடமாவது "கிளையண்ட் மெயிலை எல்லாம் எப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஃபோல்டர் கதைதான் வரும். ஆளுக்கொரு ஃபோல்டர், அதற்குள் ப்ராஜெக்டுக்கு ஒன்று, அதற்குள் "முக்கியம்", "ரொம்ப முக்கியம்". சரி, அந்த ஃபோல்டர்கள் ஹார்ட் டிஸ்கில் எந்தக் கோப்பாக இருக்கின்றன என்று அடுத்துக் கேட்டால் பெரும்பாலும் மௌனம். பத்து வருடம் கழித்து அந்த மெயிலைத் திறக்க முடியுமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது விஷயம்தான்.

மின்னஞ்சல் என்பது அடிப்படையில் வெறும் எழுத்துக் கோப்பு. 1982-ல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் வகுத்த வடிவம் இன்றைக்கும் பெரிய அளவில் மாறவில்லை. மேலே தலைப்பு வரிகள் (யார், யாருக்கு, எப்போது), பிறகு ஒரு காலி வரி, அதற்குக் கீழே கடிதம். படம், பிடிஎஃப் போன்ற இணைப்புகள்கூட பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாறித்தான் அதற்குள் உட்காருகின்றன. அதனால்தான் 9 எம்பி கோப்பை இணைத்தால் மெயில் 12 எம்பி ஆகிறது. ஆக, இதைத் திறக்க நோட்பேட் போதும். சிக்கலாக்குவது நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள்.

அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையே எடுத்துக்கொள்வோம். அவுட்லுக் 2002 வரைக்கும் ஒரு பிஎஸ்டியின் உச்ச அளவு 2 ஜிபி. அதைத் தாண்டினால் கோப்பே திறக்காமல் போகும். மைக்ரோசாஃப்ட் இதற்கென்று ஒரு கருவி வெளியிட்டது. அது செய்த வேலை, கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மீட்டுத் தருவது! எந்த மெயில் போகும் என்று நாம் சொல்ல முடியாது. 2003 பதிப்பில் புது வடிவம் வந்து அளவு கூடியது. பிஎஸ்டியின் உள்ளமைப்பை அவர்கள் வெளியிட்டது 2010-ல்தான். இப்போது லினக்ஸில் ரீட்பிஎஸ்டி என்ற இலவசக் கருவி பழைய பிஎஸ்டியைப் பொது வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. கையில் பழைய பிஎஸ்டி இருப்பவர்கள் அது நல்ல நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

பொது வடிவம் என்று நான் சொல்வது மூன்று. எம்பாக்ஸ்: ஒரு ஃபோல்டரின் எல்லா மெயிலும் ஒரே கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக. தண்டர்பேர்டும் கூகுள் டேக்அவுட்டும் தருவது இதுதான். மெயில்டிர்: மெயிலுக்கு ஒரு கோப்பு. ஈஎம்எல்: ஒரே ஒரு மெயிலை மூலவடிவில் தனியாகச் சேமிப்பது. எம்பாக்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. "ஃப்ரம்" என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அங்கே புது மெயில் ஆரம்பம் என்று பொருள். கடிதத்துக்குள்ளேயே ஒருவர் அப்படி வரியைத் தொடங்கியிருந்தால்? குழப்பம் வராமலிருக்க அதன் முன்னால் ஒரு > குறியைப் போட்டுவிடுவார்கள். பழைய மெயில்களில் சம்பந்தமில்லாமல் > நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது.

"என் மெயில் சர்வர்லயும் இருக்கு, லேப்டாப்லயும் இருக்கு, அப்ப ரெண்டு காப்பி தானே?" என்று கேட்பவர்கள் நிறைய. ஐமேப் என்பது ஒத்திசைவு. ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும், கம்பெனி கணக்கை மூடினால் மொத்தமும் போகும். அதை பேக்கப் என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர். கூடுதல் வேலைக்குப் பணம் கேட்டபோது "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே" என்றது மறுபக்கம். சம்மதம் சொன்ன மெயில் இருந்தது. அதுவும் எங்கே? "தீபாவளி வாழ்த்துகள்" என்ற தலைப்பிலான மெயிலுக்கு வந்த பதிலில்! (கிளையண்ட்கள் கைக்குக் கிடைத்த பழைய மெயிலில் ரிப்ளை அடிப்பார்கள், தலைப்பை நம்பி ஃபோல்டர் பிரிப்பவர் பாடு திண்டாட்டம்.) அவர் பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தார். "இதை யார் வேணும்னாலும் டைப் பண்ணலாமே" என்றார்கள். கடைசியில் மூல மெயிலை அப்படியே காட்டிய பிறகுதான் பணம் வந்தது.

மூலத்தில் அப்படி என்ன இருக்கிறது? எந்தெந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது, அந்த மெயிலுக்கே உரிய மெசேஜ்-ஐடி, பல சமயம் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையொப்பம். பிடிஎஃப்பிலும் ஃபார்வர்டிலும் இவை காணாமல் போகும். ஜிமெயிலில் "ஷோ ஒரிஜினல்" என்பதைத் திறந்தால் மூலத்தைப் பதிவிறக்கலாம். 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-ன் கீழ் மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதன் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பு எழுத இடம் இருக்கிறது. எனவே வருடக் கடைசியில் காப்பகக் கோப்புக்கு எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் எடுத்துக் குறித்து வையுங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை இதைச் செய்யும். மற்றதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஃபோல்டருக்கு வருவோம். என் சிபாரிசு சோம்பேறித்தனமானது: கிளையண்ட் பெயர், அதற்குள் நிதியாண்டு, அவ்வளவுதான். மிச்சத்தைத் தேடுபொறி பார்த்துக்கொள்ளும். நிதியாண்டு ஏனென்றால் இன்வாய்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஜிஎஸ்டி கணக்கு ஆவணங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இன்வாய்ஸ் வந்த மெயில்களையும் அதுவரைக்குமாவது வைத்திருப்பது புத்திசாலித்தனம். பலர் மறப்பது அனுப்பிய மெயில்களை. இன்பாக்ஸை மட்டும் சேமித்தால் பாதிப் பேச்சுதான் மிஞ்சும். தண்டர்பேர்டில், ரிப்ளையை அந்த மெயில் இருக்கும் ஃபோல்டரிலேயே வைக்கும் வசதி கணக்கு அமைப்புகளில் இருக்கிறது.

ஜிமெயிலிலிருந்து ஐமேப் வழியாக இழுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லேபிள் ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டராகத் தெரிவதால் ஒரே மெயில் மூன்று நான்கு தடவை இறங்கும். மெசேஜ்-ஐடியை வைத்து இரட்டிப்புகளை நீக்கலாம். டேக்அவுட்டில் இந்தத் தொல்லை இல்லை, லேபிள்கள் தலைப்பு வரியாகவே எழுதப்பட்டு மெயில் ஒருமுறைதான் வரும்.

2000 வாக்கில் தமிழில் மெயில் அனுப்பியவர்களிடம் டிஸ்கி, டாப் குறியாக்கத்தில் சில கிடக்கலாம். இன்றைய திரையில் அவை புரியாத குறிகளாகத்தான் தெரியும், தேடினாலும் சிக்காது. யூனிகோடுக்கு மாற்றிய பிரதி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் அந்தக் கோப்பை வேறொரு கணினிக்குக் கொண்டுபோய், நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு இணைப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால் பழைய மெயில்களை சர்வரிலிருந்து நீக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.