நீரோடு நீராய் மறையும் நஞ்சு



ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரையும் தேங்காய் எண்ணெயையும் ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். சற்று நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கும். எண்ணெய்க்குப் பதில் மதுசாரத்தை ஊற்றினாலோ, எவ்வளவு காலம் வைத்திருந்தாலும் இரண்டும் பிரியமாட்டா. மேலே எடுக்கும் துளியும் அடியில் எடுக்கும் துளியும் ஒரே தன்மையுடையதாகவே இருக்கும். இதையே விஞ்ஞானத்தில் ஏகவினக் கலவை என்கிறார்கள்.

காரணம் என்ன? நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. எதனோல் எனும் மதுசாரத்திலும் நீரிலுள்ளதைப் போல ஒட்சிசனோடு இணைந்த ஐதரசன் உண்டு. ஆகவே நீர் அதனையும் பற்றிக்கொள்கிறது. எண்ணெய்க்கு அந்தத் தகுதியில்லை. 50 மில்லிலீற்றர் நீருடன் 50 மில்லிலீற்றர் எதனோலைச் சேர்த்தால் 100 வராது. சுமார் 97தான் வரும். மூலக்கூறுகள் அவ்வளவு நெருக்கமாக அமைந்துவிடுகின்றன!

'அல்ககோல்' என்ற பெயர் சுர்மாவைக் குறிக்கும் 'அல்குஹ்ல்' எனும் அரபுச் சொல்லிலிருந்தே பிறந்தது. நுண்ணிய தூளைக் குறித்த சொல், பின்னர் ஐரோப்பாவில் வடித்தெடுத்த சாரத்திற்குப் பெயராயிற்று.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. மெதனோல் எனும் கொடிய நஞ்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் நிறமற்றது, நீரோடும் எதனோலோடும் அப்படியே கலந்துவிடும். கண்ணால் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. 2020இல் ஈரானில், மது அருந்தினால் கொரோனா அணுகாது என்ற வதந்தியை நம்பி மெதனோல் கலந்த கள்ளச் சாராயத்தைக் குடித்த நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பலர் பார்வையை இழந்தனர். உடலுக்குள் சென்ற மெதனோல் போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைப்பதே இதற்குக் காரணம்.

"நம் வீட்டில்தான் மது இல்லையே" என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காயம் துடைக்கும் ஸ்பிரிட்டும், கைக்குப் பூசும் சனிடைசரும், வாசனைத் திரவியமும் நம் அலுமாரியில் இல்லையா? தாய்மார்களே, இவற்றை ஒருபோதும் வெற்றுத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். மெதனோலின் பாதிப்பு பல மணி நேரம் கழித்தே வெளிப்படலாம் என்பதால், பிள்ளை சுகமாக விளையாடுகிறது என்று தாமதிக்க வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் குழந்தைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.